அயலார்க்கு அறிவித்தல்

சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில் ஒருநாட் காலை நான் வகுப்புக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த வேளையில், மேற்கு மதிலுக்கு அப்பால் இயந்திரமொன்று நிலத்தை அகழும் ஓசை கேட்டது. எட்டிப் பார்த்தேன். பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்த வளவு அது. அதில் நின்ற பழைய ஓட்டுவீட்டை முந்திய வாரமே இடித்துவிட்டார்கள். மூன்று மாடி விடுதியொன்று எழப்போகின்றது என்று வேலையாட்கள் கூறினார்கள். அன்று அகழப்பட்டது அத்திவாரக் கிடங்கு அன்று, மலசலகூடக் குழி. என் கிணற்றுக்கும் அக்குழிக்கும் இடையே ஒரு மதிலும் ஏழெட்டு முழ நிலமுமே இருந்தன.

வகுப்பை மற்றோர் ஆசிரியரிடம் ஒப்புவித்துவிட்டு உரிய கந்தோருக்குச் சென்றேன். அங்கிருந்த இலிகிதர் மரியாதை மிக்கவர். கோவையை எடுத்துவந்து மேசைமீது விரித்துக் காட்டினார். விண்ணப்பம் முறையாகச் செய்யப்பட்டிருந்தது. அனுமதி வழங்கப்பட்டு நான்கு மாதங்கள் கழிந்திருந்தன. வரைபடத்தில் நான்கு எல்லைகளும் குறிக்கப்பட்டிருந்தன. விண்ணப்பகாரரின் சொந்தக் கிணற்றுக்கும் குழிக்கும் இடையே வேண்டிய தூரம் அடிக்கணக்கிற் பிழையின்றி எழுதப்பட்டிருந்தது. அத்தூரத்தைப் பேணுதற்பொருட்டே குழியை வளவின் கிழக்கு எல்லைவரை தள்ளியிருக்கின்றார்கள். கிழக்கு எல்லைக்கு அப்பால் என் பெயரும் ‘காணி’ என்ற சொல்லும் இருந்தன. என் கிணறு இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளைத் தாள் இருந்தது.

“இந்த வகைக் கட்டடத்துக்கு அயலவருக்கு முன்கூட்டி அறிவிக்க வேணும் எண்டு எங்களுக்கு விதியில்லை, ஐயா” என்றார் இலிகிதர். அவர் சொல்லியது குற்றமாகாது. தம் முன் வைக்கப்பட்ட தாளை அவர் பார்த்தார். தாளில் இல்லாததை அவர் எவ்வாறு காண்பார்?

காணிக்குரியவர் கடல்கடந்த நாடொன்றில் வாழ்பவர். ஒருகாலத்தில் என்னிடம் இலக்கணம் படித்தவர். அன்றிரவு தொலைபேசியிற் கிடைத்தார். “சேர், உங்கடை கிணறு அந்தப் பக்கம் எண்டது எனக்கு மறந்தே போச்சு. ஆராவது ஒருதர் சொல்லியிருந்தால் குழியை முன்பக்கம் போட்டிருப்பன்” என்றார். சொல்லியபடியே செய்தார். வெட்டிய குழியை மூடவும் புதிய குழி வெட்டவும் வரைபடத்தைத் திருத்தி மறுபடியும் ஒப்பம் பெறவும் அவருக்குப் பணமும் இரண்டு மாதமும் செலவாயின. அவர் பெருந்தன்மையாளர் ஆதலின் காரியம் அவ்வளவில் முடிந்தது. வேறொருவராயின் நானும் அவரும் இன்று நீதிமன்ற விறாந்தையிலே நின்றுகொண்டிருப்போம்.

‘ஆராவது ஒருதர் சொல்லியிருந்தால்’ என்ற அச்சொற்கள் என் மனத்தை விட்டு அகலவில்லை. என்னிடம் ஒருவரும் வினவாமையால் நான் சொல்லவில்லை. கட்டட விண்ணப்பத்தை அயலார்க்கு முன்னரே அறிவித்தல் என்னும் விடயத்தை, மரியாதை உபசாரம் என்று நம்மவர் பலர் கருதுகின்றனர். கலியாணத்துக்கு வெற்றிலை வைத்து அழைப்பது போன்றதோர் உபசாரமாம். என் கிணற்றின் கதை அதற்கு மாறானதைக் காட்டுகின்றது. அனுமதி வழங்கும் அதிகாரி அறிந்திருக்கவேண்டிய செய்தியொன்று அயலவனிடம் மாத்திரமே இருந்தது. அதனை அவனிடமிருந்து பெறுவதற்கு வழி எதுவும் அமைக்கப்படவில்லை. ஆகவே அறிவித்தலாற் பயன்பெறுவோரில் முதல்வர் அதிகாரியே, இரண்டாமவர் கட்டுபவர், அயலவர் அவர்களுக்குப் பின்னரே வருவர்.

இலக்கணம் கற்பிப்பவனாதலின் சொல்லைச் சற்று நோக்காது அப்பாற் செல்ல இயலவில்லை. ‘அயல்’ என்னும் சொல் பக்கத்தையும் குறிக்கும், வேற்றுமையையும் குறிக்கும். அடுத்த வளவில் இருப்பவனும் அயலான், உறவில்லாதவனும் அயலான். ‘அயலட்டை’ என்று நாம் அன்போடு வழங்குவதும், ‘அயல்நாடு’ என்று தூரப்படுத்தி வழங்குவதும் ஒரே சொல்லின் பிள்ளைகள். ‘அறிவித்தல்’ என்பதோ அறிதல் என்னும் தன்வினையிலிருந்து பிறந்த பிறவினை. ஊட்டுதல் நிகழவேண்டுமாயின் ஒருவன் உண்ணவேண்டும்; அறிவித்தல் நிகழவேண்டுமாயின் ஒருவன் அறியவேண்டும். அறியாதவன் அறியாதபடியே இருக்க, ‘அறிவித்தாயிற்று’ என்று கோவையில் எழுதுவது இலக்கண வழு. சட்ட நூல்களும் இவ்வழுவைத் திருத்துவதற்கே பன்னெடுங்காலம் முயன்று வருகின்றன என்பதைப் பின்னர்க் காண்போம்.

இம்முறை நமக்குப் புதிதென்று எண்ணுவோர் தேசவழமையை எடுத்துப் பார்ப்பாராக. ஒல்லாந்தத் தேசாதிபதி சைமன்சின் ஆணைப்படி, யாழ்ப்பாணத்துத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் 1706 ஆம் ஆண்டளவில் இந்நாட்டு வழக்கங்களைத் தொகுத்தார். பன்னிரண்டு முதலிமார் அத்தொகுப்பைப் பார்வையிட்டு உடன்பட்டனர். ஆங்கிலேயர் 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரமாணத்தால் அதற்குச் சட்டவலு அளித்தனர். காணி விற்பவன் அதனைப் பிறனொருவனுக்கு விற்குமுன், தன் உரித்தாளர்க்கும், பங்காளர்க்கும், ஒட்டிய நிலத்தை உடையவராய் அக்காணியை ஈடாகப் பெற்றிருக்கக்கூடிய அயலவர்க்கும் அறிவித்தல் வேண்டும் என்பது அதிற் கண்ட வழமை. அறிவியாது விற்றால், அவர்கள் தாமே கொள்வதற்கு முன்னுரிமை கோரலாம். அறிவித்தலுக்குரிய காலமும் ஆட்களின் இருப்பிடத்துக்கேற்ப விரிந்தது. ஊரிலே இருப்பவருக்குக் குறுகிய தவணை. தூரதேசத்தவருக்கு நீண்ட தவணை.

ஈடாகப் பெற்றிருக்கக்கூடிய அயலவர் என்ற கட்டுப்பாட்டை மறைத்துவிட்டு, நம் முன்னோர் அயலார் எல்லார்க்கும் சொல்லியே காணி விற்றனர் என்று பெருமை பேசுதல் தகாது. அன்றியும் அது விற்பனை பற்றிய விதி, கட்டடம் பற்றியதன்று. ஆயினும் அதனுள்ளே கிடக்கும் எண்ணம் இங்கு நமக்கு வேண்டியது. ஒருவன் தன் நிலத்திற் செய்யும் காரியம் அடுத்தவனைத் தொடுமாயின், செய்தபின் அன்று, செய்யுமுன் அவனுக்குச் சொல்லவேண்டும் என்பதே அது. 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கத் தேசவழமை முற்கொள்வுக் கட்டளைச்சட்டம் அவ்வுரிமையைப் பங்காளர்க்கும், மரணசாதனமின்றி இறப்பின் உரித்தாளராக வரக்கூடியவர்க்கும் மட்டுப்படுத்திற்று. ஒட்டுநிலத்தார் அதிலிருந்து நீங்கினர். நீக்கியதற்கு நல்ல காரணம் உண்டு. அதனையும் பின்னர்ச் சொல்வேன்.

சட்டம் ஒருபுறமிருக்க, வேலி அடைப்புக் காலத்திலே நாம் கண்ட வழக்கமும் இவ்வினத்தது. இன்ன வேலி எங்கள் வேலி, இன்ன வேலி உங்கள் வேலி என்பது இரு வீட்டாருக்கும் தெரியும். தன் வேலியை அடைப்பவன் முதல்நாள் மாலை அடுத்த வீட்டு வாசலில் நின்று, “நாளைக்கு வேலி அடைக்கப்போறம்” என்று ஒரு சொற் சொல்லுவான். அனுமதி கேட்பவனல்லன், அறிவிப்பவன். அடுத்தநாட் காலை அயலவனும் வந்து நின்று, கதியால்கள் பழைய நிரையிலேயே நடப்படுகின்றனவா என்று ஒரு கண்ணாற் பார்த்துக்கொண்டு, மறுகண்ணாற் பார்க்காதவன்போல் வெற்றிலை போடுவான். கதியால் ஆண்டுக்கு ஓரங்குலம் நடந்து பத்தாண்டிற் பெருவழக்காக முடிந்த கதைகள் யாழ்ப்பாணத்தார்க்கு நான் சொல்லவேண்டியதில்லை. அந்த ஒரு சொல் எத்தனை வழக்குகளைத் தவிர்த்தது என்பதும் அவர்களுக்குத் தெரியும். இன்று மதில்கள் வந்துவிட்டன. மதில் ஒருமுறை கட்டினாற் போதும். ஆண்டுதோறும் வாசலில் வந்து நின்று சொல்லுஞ் சொல் இல்லாமற் போயிற்று.

பிறநாட்டார் இதனை எவ்வாறு செய்கின்றனர் என்று அறிய விரும்பி அவர்தம் விதிகளைப் படித்தேன். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலச் சட்டம் அடிக்கணக்கிற் பேசுகின்றது. நிலப் பயன்பாடு பற்றிய பகிரங்க விசாரணை நடக்குமுன், அந்நிலத்திலிருந்து 300 அடிக்குட்பட்ட காணிச் சொந்தக்காரர் யாவர்க்கும், குறைந்தது 10 நாட்களுக்கு முன், அஞ்சலில் அறிவித்தல் செல்லவேண்டும். அவ்வாறு அனுப்பப்படவேண்டியவர் தொகை 1,000 க்கு மேற்படின், அஞ்சலுக்குப் பதிலாகப் பத்திரிகையில் எட்டிலொரு பக்கத்துக்குக் குறையாத விளம்பரம் செய்யலாம்.

இவ்விதிகள் மேலும் உரம்பெறுதற்கு ஒரு வழக்கும் துணைசெய்தது. வெஞ்சுரா என்னும் மாவட்டத்திலே ஒருவர் தம் காணியைத் துண்டாக்க அனுமதி பெற்றார். அடுத்த காணிக்காரருக்குத் தனியாக அறிவிக்கப்படவில்லை. சுற்றாடல் பற்றிய பத்திரங்களைப் பொதுக் கட்டடங்களில் ஒட்டியிருந்தோம், கேட்டு எழுதியவர்களுக்கு அஞ்சலில் அனுப்பினோம், இது போதாதா என்று நிருவாகத்தார் வாதித்தனர். 1979 இல் அம்மாநில உயர் நீதிமன்றம் அது போதாதென்று தீர்த்தது. தன் உடைமை கணிசமாகப் பாதிக்கப்படக்கூடிய அயலவனுக்கு, முடிவுக்கு முன்னரே அறிவித்தலும் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்பும் இருத்தல் வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். அறியாதவன் எவ்வாறு ‘எனக்கு அறிவியுங்கள்’ என்று முன்கூட்டி எழுதிக் கேட்பான்? பிறவினை முற்றுப்பெறவில்லை என்று நம் இலக்கணகாரர் சொல்வதையே அந்நீதிபதிகள் தம் மொழியிற் சொல்லினர்.

இங்கிலாந்து சற்று வேறுபட்டது. 2015 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளின்படி, சாதாரண விண்ணப்பத்துக்கு உள்ளூர்த் திட்டமிடல் அதிகார சபை ஒட்டிய நிலத்தின் சொந்தக்காரருக்கோ குடியிருப்பவருக்கோ அறிவிக்கலாம். அன்றேல் அவ்விடத்தில் 21 நாட்களுக்குக் குறையாமல் அறிவித்தற் பலகை நிறுத்தலாம். ‘குடியிருப்பவர்’ என்ற அச்சொல்லை நம்மவர் கவனித்தல் வேண்டும். மேலும், திட்டமிடல் அனுமதி வேறு, அயலவன் உரிமை வேறு என்று பிரித்து, 1996 இல் பொதுச்சுவர்ச் சட்டம் ஒன்றும் இங்கிலாந்துக்கும் வேல்சுக்குமாக இயற்றினர். பொதுச்சுவரிற் கைவைப்பவன் இரண்டு மாதத்துக்கு முன்னரும், அயற்கட்டடத்துக்கு மூன்று மீற்றருக்குள் அதன் அத்திவாரத்திலும் ஆழமாக அகழ்பவன் ஒரு மாதத்துக்கு முன்னரும் அயலவனுக்குத் தானே எழுத்தில் அறிவிக்கவேண்டும்.

அடிக்கணக்கும் மீற்றர்க்கணக்கும் எழுதுவோர்க்கு எளியன. ஆயின் யாழ்ப்பாணக் குடாநாட்டிலே அயல் என்பதை அடிக்கோலால் அளக்க முடியுமோ என்பது என் ஐயம். வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத நிலம் இது. நாம் குடிப்பது சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் நின்று ஒழுகும் மழைநீரை. நிலாவரைக் கிணற்றில் இட்ட எலுமிச்சம்பழம் கீரிமலையில் மிதந்தது என்று நம் பாட்டிமார் சொன்ன கதையை எவரும் அளந்து நிறுவியதில்லை. ஆனால் நிலத்தின்கீழ் நீருக்கு வழிகள் உண்டென்ற உணர்வை அக்கதை எழுத்தறியாதவர்க்கும் ஊட்டிற்று. மேலே மதில் கட்டி எல்லை வகுத்தவர்கள் கீழே ஒரே நீரை மொள்ளுகின்றார்கள். நகரத்திற்கூட வீட்டுக் கழிவு பெரும்பாலும் குழிக்கே செல்கின்றது. குழியும் கிணறும் ஒரே கல்லின் இரண்டு துளைகள்.

சுன்னாகத்தார் இதனைத் துன்பத்தோடு கற்றனர். மின்னுற்பத்தி நிலையத்துக் கழிவெண்ணெய் சுற்றுவட்டாரக் கிணறுகளிற் கலந்ததென்ற முறைப்பாடு 2014, 2015 ஆம் ஆண்டுகளிலே பேரொலியாக எழுந்தது. உயர் நீதிமன்றம் 2019 சித்திரையில், அங்கு இயங்கிய தனியார் மின்னுற்பத்தி நிறுவனம் இரண்டு கோடி ரூபா இழப்பீடு செலுத்தவேண்டுமெனத் தீர்ப்பளித்தது. அங்கே பாதிக்கப்பட்டவர்கள் ஒட்டிய வளவினர் மட்டுமல்லர். மதிலையும் ஒழுங்கையையும் கடந்து வாழ்ந்தவர்கள். 300 அடி என்ற வட்டம் அவர்களிற் பலரை அயலவராகவே கொண்டிராது. தாளையடியிற் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 இல் திறக்கப்பட்டபின், இனிக் கிணறு எதற்கு என்று சொல்வாரும் உளர். குழாய்நீர் வரும் வீட்டிலும் பயிருக்கும் குளிப்புக்கும் கிணறு வேண்டும். அதுவன்றி, தன்னிடம் உள்ள நல்ல நீரைக் கெடவிட்டுப் பிறிதொரு நீரை விலைக்கு வாங்குதல் எவ்வகைக் கணக்கென்று எனக்கு விளங்கவில்லை.

நம் நாட்டுச் சட்டம் அறிவித்தலை முற்றாக மறந்ததென்று கூறுதல் நியாயமாகாது. 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டம் 1988 இல் திருத்தப்பட்டபோது, விதிக்கப்பட்ட பெருந்திட்டங்களின் சுற்றாடற் தாக்க மதிப்பீட்டு அறிக்கையை 30 நாட்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கவேண்டும் என்றும், வர்த்தமானியிலும் மூன்று மொழிப் பத்திரிகைகளிலும் அதனை அறிவிக்கவேண்டும் என்றும் ஏற்பாடு செய்தனர். தெற்கு அதிவேக நெடுஞ்சாலையின் பாதை பின்னர் மாற்றப்பட்டு, புதிய பாதையில் அகப்பட்ட காணிக்காரர் செவிமடுக்கப்படாமற் போனபோது, 2004 தையில் உயர் நீதிமன்றம் அவர்களுக்கு இயற்கை நீதி மறுக்கப்பட்டதென்று கண்டு இழப்பீடு வழங்கிற்று. ஆகவே பெருங்காரியங்களுக்கு வழி உண்டு. ஆனால் விடுதியாயின் 99 அறைகளுக்கு மேற்பட்டதே அவ்விதிப்பட்ட பெருந்திட்டங்களுட் சேரும். மூன்று மாடியும் முப்பது அறையும் கொண்ட விடுதி அதனுள் அகப்படாது. பெரியவற்றுக்கு வாயிலும் சிறியவற்றுக்கு மதிலுமாக இருக்கின்றது நிலைமை. ஊரின் முகத்தை மாற்றுபவையோ அச்சிறியவையே.

அறிவித்தலை எங்கே இடுவது என்பதிலும் நமக்கு அண்மையிலே ஒரு பாடம் கிடைத்தது. 2025 பங்குனி 28 ஆம் திகதிய 2430 ஆம் இலக்க வர்த்தமானி, வடமாகாணத்து நான்கு மாவட்டங்களில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் நிலத்தைக் குறித்து, உரிமை கோருவோர் மூன்று மாதத்துக்குள் கோரவேண்டும், அன்றேல் அரச காணியாகக் கொள்ளப்படும் என்ற பொருள்பட அறிவித்தது. போரில் உறுதிகளை இழந்தோரும் பிறநாடுகளிற் குடியேறினோரும் பலர் வாழும் மாகாணம் இது. வர்த்தமானியைப் படிக்கும் பழக்கம் எத்தனை வீட்டில் உண்டு? எதிர்ப்பு எழுந்தது; அவ்வாண்டு ஆனி இறுதியில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது; அரசாங்கமும் அவ்வர்த்தமானியை மீளப்பெற்றுக்கொண்டது. அது காணித் தீர்வு பற்றியது. கட்டட அனுமதியோடு ஒப்பிடத்தக்க அளவினதன்று. எனினும் நோய் ஒன்றே. அறிவித்தல் சட்டப்படி நிகழ்ந்தது, அறிதல் நிகழவில்லை.

இனி, முன்னர் ஒத்திவைத்த விடயத்துக்கு வருவேன். அயலார்க்கு அறிவிக்கவேண்டும் என்று நான் சொல்லும்போது, ‘அப்படியாயின் அயலாரின் இணக்கக் கடிதம் பெறவேண்டும் என்று விதித்துவிடலாமே’ என்று நண்பர் சிலர் முன்வருகின்றனர். இதனை நான் வன்மையாக மறுக்கின்றேன். அறிவித்தல் வேறு; இணக்கம் வேறு. அமெரிக்காவின் சியாட்டில் நகரத்திலே, வறிய முதியோர்க்கு இல்லம் கட்ட விரும்பினோர், 400 அடிக்குட்பட்ட காணிக்காரரில் மூன்றிலிரு பங்கினரின் எழுத்துமூல இணக்கம் பெறவேண்டும் என்று ஒரு விதி இருந்தது. 1928 இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவ்விதியைத் தள்ளிற்று. அயலவர் தந்நலத்தாலோ வெறுப்பாலோ காரணமின்றியோ மறுக்கக்கூடும். அதனைத் திருத்த மேன்முறையீடும் இல்லை. ஒருவனுடைய உரிமையை அவனுடைய அயலவரின் மனப்போக்குக்கு ஒப்புவித்தல் ஆகாது என்பது காரணம்.

சியாட்டிலுக்கே இது பொருந்துமாயின் நம் கிராமங்களுக்கு எத்துணைப் பொருந்தும்! நான் இதனை மறைத்துப் பேச விரும்பவில்லை. ‘இன்னார் இந்த ஒழுங்கைக்குள் வரலாகாது’ என்று சாதியைக் கருதிக் காணி விற்காமல் தடுத்தவர்களை நான் என் இளமையிலே கண்டிருக்கின்றேன். முற்கொள்வுரிமை அவர்கள் கையில் ஓர் ஆயுதமாகப் பயன்படக்கூடியதே. ஒட்டுநிலத்தாரை 1947 இல் அவ்வுரிமையிலிருந்து நீக்கியதை நான் நல்லதென்று கொள்வதற்கு அதுவே காரணம். அயலாரின் இணக்கம் இன்றிக் கட்டலாகாது என்று விதித்தால், கட்ட இயலாமற் போவோர் விடுதி முதலாளிகள் அல்லர். அவர்கள் எப்படியும் இணக்கம் பெறுவர். புதிதாக நாலு பரப்பு வாங்கிக் குடியேறும் ஏழைக் குடும்பமே தடுக்கப்படும்.

ஆதலால் அயலவன் இடும் ஒப்பம் ‘கண்டேன்’ என்ற ஒப்பமாக இருக்கவேண்டுமேயன்றி ‘இணங்கினேன்’ என்ற ஒப்பமாக இருத்தலாகாது. வரைபடத்தைக் கண்டேன்; என் பக்கத்தில் இன்ன கிணறு, இன்ன மரம், இன்ன வாய்க்கால் உண்டு; இதற்குமேல் எனக்குச் சொல்ல உள்ளது இது; இவ்வளவே. முடிவு அதிகாரியுடையது. அவர் அயலவன் சொல்வதை ஏற்கலாம், காரணங்காட்டித் தள்ளலாம். ‘எங்கள் முற்றத்தில் வெயில் விழாது’ என்பது ஆராயத்தக்க காரணம். ‘அவர்கள் யாரோ எவரோ’ என்பது ஆராயாமலே குப்பைக்கூடைக்குரியது. எழுத்தில் வரும்போது இரண்டாவது காரணத்தை எழுதுவதற்கே பலர் நாணுவர். அதுவும் ஒரு நன்மையாம்.

யாருக்குச் சொல்வது என்பதிலே நாம் அமெரிக்கரைப் பின்பற்றல் பயன்தராது. இங்கே காணிச் சொந்தக்காரர் பெயருக்குக் கடிதம் அனுப்பினால், அது பூட்டிய படலையிற் செருகப்பட்டு மாரிமழையில் ஊறிக்கிடக்கும். உடையவர் ரொறன்ரோவிலோ பாரிசிலோ இருப்பார். கிணற்றில் நீர் அள்ளுபவர் வாடகைக்கோ காவலுக்கோ இருக்கும் வேறொருவர். நீரைக் குடிப்பவருக்கே அறிவிக்கவேண்டும். உறுதி வைத்திருப்பவருக்கும் அறிவித்தல் நன்று.

யார் சொல்வது? நிருவாகமே தபாலில் அனுப்பட்டும் என்பர் சிலர். எனக்கு அதில் உடன்பாடில்லை. கட்டுபவன், அன்றேல் அவனுடைய பொறுப்பாளன், வரைபடத்தின் ஒரு பிரதியோடு நான்கு பக்கத்துப் படலையிலும் நேரிற் போய் நிற்கவேண்டும். அவன் அங்கு நிற்கும் ஐந்து நிமிடத்திலே தபால்காரனால் அறியமுடியாத பலவற்றை அறிந்துகொள்வான். ஒப்பமிட மறுப்பவர் உண்டாயின், கிராம அலுவலர் முன்னிலையிற் கொடுத்ததாகக் குறித்துக்கொண்டு விண்ணப்பம் மேற்செல்லட்டும். 14 நாட் தவணை போதும். வீடு கட்டப் பல ஆண்டுகள் பணஞ் சேர்த்தவனுக்குப் பதினான்கு நாள் பெரிதன்று. வரைபடம் கீறுபவர்களும், எல்லைக் கோட்டோடு பென்சிலை நிறுத்திக்கொள்ளாமல், எல்லைக்கு அப்பாலும் சிறிது தூரம் கீறி, அயற்கிணறுகளைக் குறிக்கவேண்டும். இதற்குப் பாராளுமன்றம் சட்டம் இயற்றும்வரை காத்திருக்கத் தேவையில்லை. விண்ணப்பப் படிவத்தோடு ஒரு தாளைச் சேர்த்துக் கொடுக்க ஓர் உள்ளூராட்சி மன்றம் மனங்கொண்டால், நல்வழக்கமாகவேனும் தொடங்கலாம்.

பிறர்க்குச் சொல்லுமுன் தான் செய்து பார்க்கவேண்டும் என்று எண்ணினேன். என் புத்தகங்களை வைப்பதற்கு வீட்டின் வடபுறத்தில் ஓர் அறை கட்ட இவ்வாண்டு தையில் ஒழுங்கு செய்தேன். வரைபடம் கீறுபவர் வந்து அளந்து தந்தார். அதன் பிரதிகள் நான்கு எடுத்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அயல் வீடுகளுக்குப் போனேன். விடுதியின் காவலாளர், “இதை ஏன் ஐயா எனக்குக் காட்டுறியள்?” என்று நகைத்துக்கொண்டே ஒப்பமிட்டார். தெற்கு வீட்டார், சீமெந்து ஏற்றிவரும் வண்டி தங்கள் படலையை மறியாமல் நிற்கவேண்டும் என்று மட்டும் சொன்னார்கள். கிழக்கு வீட்டில் விளக்கு எரிந்தது. யாரும் வெளியே வரவில்லை.

வடக்கு வளவில் இருப்பவர் எண்பது வயதைக் கடந்த ஓர் ஆச்சி. கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்னர் அதனை மடித்து என் கையிலே தந்துவிட்டு, பொல்லை ஊன்றியபடி என்னோடு எங்கள் வளவுக்கு நடந்து வந்தார். அறைக்கென்று முளையடித்திருந்த இடத்தை அடைந்ததும் நின்றார்.

“தம்பி, உதிலை அறை கட்டாதையும். கொப்பற்றை காலத்துக்கு முந்தியே தூர்த்த பழைய கிணறு ஒண்டு உதுக்குக் கீழை கிடக்கு. மேலை மண், கீழை ஒண்டுமில்லை” என்றார்.

ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக நான் ஓடி விளையாடியும் உலாவியும் வந்த நிலம் அது. மறுநாள் அலவாங்கு கொண்டு குத்திப் பார்த்தபோது, மூன்றடிக்குக் கீழே கல்லுக்குப் பதிலாகப் பொலபொலத்த மண்ணும் உடைந்த ஓடுகளும் அகப்பட்டன. அறையைப் பன்னிரண்டு அடி கிழக்கே தள்ளி, வரைபடத்தைத் திருத்தக் கொடுத்திருக்கின்றேன்.